ஃபியூஸைக் கழற்றிய பிசிக்ஸ் வாத்தியார்

தஞ்சாவூரில் முப்பது வருடம் கார் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். சொன்னால் கேட்காத கஸ்டமர்கள் எத்தனையோ பேர். அதில் முதலிடம் சுந்தரேசன் சாருக்கு. ரிட்டயரான பிசிக்ஸ் வாத்தியார், ஹாம் ரேடியோ லைசென்ஸ்காரர். புயலில் செல்போன் டவர் படுத்துவிட்டால், நாகப்பட்டினம் பக்கம் காரில் போய் ரேடியோவில் செய்தி அனுப்புவார். கார் எங்கே நிற்கிறது என்று நண்பர்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் டிராக்கர் ரேடியோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

"டாஷ்போர்டு மேலயே ஒட்டிடுங்க மாணிக்கம்."

"அது ஏர்பேக் மூடி சார். விரிஞ்சா பெட்டி பக்கத்து சீட்டுல உக்கார்ற உங்க வீட்டம்மா மூஞ்சியிலதான் அடிக்கும்."

அரை மனதோடு சீட்டுக்கு அடியில் வைக்கச் சம்மதித்தார். பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து, ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ் போட்டேன். அதற்கும் கேள்வி.

"ரேடியோவுக்குள்ளயே ஃபியூஸ் இருக்கே?"

"அது ரேடியோவக் காப்பாத்தும். நடுவுல ஓடுற வயர யார் சார் காப்பாத்துறது?"

இன்ஜின் தடுப்புத் தகட்டின் ஓட்டையில் புஷ் என்கிற ரப்பர் வளையத்தை மாட்டி, அதன் வழியாக வயரை உள்ளே விட்டேன். வேலை சுத்தம்.

இரண்டு வாரம் கழித்துப் புயல் எச்சரிக்கை. காலையில் அம்மாப்பேட்டை அருகிலிருந்து சார் போன் செய்தார்.

"வண்டிக்குள்ள புகைங்க! சாவிய எடுத்துட்டேன், நிக்கல!"

"நேரா பேட்டரில இருந்து வருது, சாவிக்கு அடங்காது. அம்மாவ இறக்குங்க. பானட்டத் தொறந்து நெகட்டிவக் கழட்டுங்க."

"ஸ்பேனர் இல்லையே!"

வயலோரம் அறுவடை மிஷினை நிறுத்தியிருந்த டிரைவர் ஸ்பேனரோடு ஓடிவந்து கழற்றினார். நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது தரைவிரிப்பில் கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அம்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

பானட்டைத் திறந்தேன். ஃபியூஸைக் காணோம். புஷ்ஷையும் காணோம்.

"இன்னொரு வயர் நுழையலன்னு புஷ்ஷ எடுத்தேன். அப்புறம் ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்துச்சு. அதக் கழட்டிட்டு ரெண்டு வயரையும் நேரா முறுக்கிட்டேன்."

தகட்டின் விளிம்பு வயரை அறுத்ததால்தான் ஃபியூஸ் போயிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"முப்பது வருஷம் பாடம் நடத்துனீங்களே சார்!"

அவர் கருகிய வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வயர் சூடாகும்னு தெரியும். என் வயரும் சூடாகும்னு தோணலங்க."

அதன்பிறகு ஃபியூஸ் எங்கே இருக்கிறது, ஏன் போகும் என்று காட்டாமல் எந்த வண்டியையும் நான் ஒப்படைத்ததில்லை. கஸ்டமர் கையாலேயே கழற்றி மாட்டச் சொல்வேன். வாத்தியார்களாக இருந்தால் இரண்டு தடவை.