வாத்தா, ஒட்டகமா

சாகின் எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டான். சின்ன வயதிலேயே அப்படித்தான். பட்டியில் ஆடுகளை அடைத்துக் கொக்கியைப் போட்டுவிட்டு வாசல் வரை வருவான். அப்புறம் திரும்பிப் போய்க் கொக்கியை ஒருதரம் தொட்டுப் பார்ப்பான். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அவன் அடைத்த பட்டியிலிருந்து ஓநாய் ஒரு குட்டியைக்கூடத் தூக்கிக்கொண்டு போனதில்லை.

படிப்பு பாதியில் நின்றுபோயிற்று. கோச்கோர் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கும் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கொதிகலன் பார்க்கும் வேலை கிடைத்தது. நிலக்கரி அள்ளிப் போட வேண்டும், சாம்பல் வாற வேண்டும், வகுப்பறைகளுக்குப் போகும் வெந்நீர்க் குழாய்களைத் தடவித் தடவிச் சூடு பார்க்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் பனி இறுகும் நாட்களில் குழாய் வெடித்துப் பிள்ளைகள் கோட்டோடு உட்கார்ந்து எழுதுவார்கள். சாகின் வேலைக்கு வந்த பிறகு அந்தப் பள்ளியில் அந்தப் பேச்சே எழவில்லை. இதை அவன் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அவனுக்காக மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு வாய் திறக்க வராது. அந்த ஊரில் யாருக்குமே அது சுலபமில்லை. இவனுக்கோ ஆரம்பித்த வாக்கியம் பாதியிலேயே நின்றுவிடும்.

அவனுக்கும் கனிஷைக்கும் நான்கு பிள்ளைகள். இரண்டாவது பெண் பெகாயிம். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்களில் பலமில்லை. சக்கர நாற்காலிதான். நான்காம் வகுப்பு வரை கவலை இல்லாமல் போயிற்று. அப்பா கொதிகலனுக்குப் போகும்போதே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் வகுப்பில் விட்டுவிடுவான். ஊர்ப் பள்ளிக்கூடம் அதோடு சரி; ஐந்தாம் வகுப்புக்குக் கோச்கோர் நகரத்துப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே நாற்காலி ஏறிப்போகச் சாய்தளமும் கட்டியிருந்தார்கள்.

வசந்தத்தில் அவளைச் சேர்க்க வாடகை வண்டியில் கூட்டிப் போனார்கள். பள்ளி வாசலில் முன்பின் தெரியாத அந்த ஓட்டுநர் முந்திக்கொண்டான். அவளை மாவு மூட்டை மாதிரி தோளில் போட்டு இறக்கினான். நல்ல மனசோடுதான் செய்தான். பாவாடை முழங்காலுக்கு மேலே சுருண்டுபோனதை அவன் கவனிக்கவில்லை. வாசலில் நின்ற பையன்கள் கவனித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெகாயிம் சொன்னாள்: "இனிமே என்னை யாரும் தூக்கக்கூடாது."

"சரிம்மா. நான் மட்டும்தான் தூக்குவேன்," என்றான் சாகின்.

"நீயும்தான்ப்பா. நீயும் தூக்கக்கூடாது."

"அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு எப்படிடி போவ?" என்று கேட்டாள் கனிஷை.

"நானே ஏறி நானே இறங்குற மாதிரி வண்டி இருந்தா போவேன். இல்லன்னா நாலாவது வரைக்கும் படிச்சது போதும்."

அவள் அப்பாவின் பெண். சொன்னால் சொன்னதுதான்.

ஆறு பேர் குடும்பத்துக்கு எப்படியும் ஒரு மினிவேன் வேண்டும் என்று முன்பே பேச்சு இருந்தது. சாகின் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பித் தலைநகரத்துக்கு வெளியே இருக்கும் கார் சந்தைக்குப் போனான். அங்கே சந்தைக்காரர்கள் இரண்டு வகை வண்டிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஜப்பானிலிருந்து வந்தவை. ஒன்று தரையோடு தாழ்ந்து, அகன்று, பக்கவாட்டில் சறுக்குக் கதவோடு இருக்கும். அதற்கு வாத்து என்று பேர். இன்னொன்று உயரமானது, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அது ஒட்டகம். வாத்துக் கட்சியும் ஒட்டகக் கட்சியும் தேநீர்க் கடையில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறைதான்.

சாகின் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கொதிகலன் அறையிலிருந்து ஒரு துண்டுக் கயிறு கொண்டுபோயிருந்தான். மகளின் நாற்காலியில் உட்காரும் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அந்த இடத்தில் ஒரு முடிச்சு. வாத்தின் கதவைத் திறந்து கயிற்றைத் தொங்கவிட்டான். முடிச்சும் இருக்கையும் நேருக்கு நேர் நின்றன. நாற்காலியை ஒட்டி நிறுத்தினால் கையை ஊன்றி அப்படியே நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். ஒட்டகத்தில் வைத்துப் பார்த்தான். முடிச்சு படிக்கட்டைத் தாண்டவில்லை. இருக்கை எங்கோ அவன் மார்பு உயரத்தில் இருந்தது.

அதோடு விட்டானா? இல்லை. ஒட்டகத்துக்கும் நியாயம் செய்ய வேண்டுமே. அதன் அடிவயிற்றைக் குனிந்து பார்த்தான். கல்லில் உரசாது. பனியில் புதையாது. சோங்கோல் ஏரிக்கரை மேய்ச்சலுக்குக் கோடையில் கூடாரத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போக அதுதான் தோது. இதையெல்லாம் மனசில் எழுதிக்கொண்டான். ஆனால் முடிச்சு சொன்னது முடிச்சு சொன்னதுதான்.

வீட்டில் பெகாயிம் வாசலிலேயே காத்திருந்தாள்.

"வாத்துதானேப்பா?"

"வாத்துதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடுத்த ஞாயிறு வாங்கப் போனார்கள். வீட்டுக்கு இவ்வளவு பெரிய சாமான் வரும்போது பெரியப்பா தூரோன் இல்லாமல் நடக்காது. சாகினின் அப்பா இறந்த பிறகு குலத்துக்கு அவர்தான் தலை. அதுமட்டுமில்லை, இந்த வண்டிக்காக அவர் தன்னுடைய சாம்பல் நிறப் பெண் குதிரையை விற்றிருந்தார். யாரும் கேட்கவில்லை. "பொண்ணு பள்ளிக்கூடம் போகணும்ல" என்று அவராகவே சொல்லி, கயிற்றை அவிழ்த்து வாங்கினவன் கையில் கொடுத்துவிட்டு, மூன்று நாள் லாயத்துப் பக்கமே போகவில்லை. அப்படிப்பட்ட மனுஷர்.

பெரியப்பாவின் மகன் உலான் வாடகை வண்டி ஓட்டுபவன். அவன்தான் ஓட்டிக்கொண்டு போனான். பெரியப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். வழியில் சாகின் தொண்டையைச் செருமினான்.

"பெரியப்பா, அந்த வாத்துன்னு ஒரு வண்டி..."

"வாத்தா?" உலான் சிரித்தான். "தம்பி, வாத்து ஏரியில மிதக்கட்டும். நம்ம ஊரு ஏத்தத்துல வயித்தைத் தேச்சிக்கிட்டு நிக்கும். நீ இறங்கித் தள்ளு, நான் பின்னாடி நின்னு பாட்டுப் பாடுறேன்."

"இல்லண்ணே, உயரம் பாத்தீங்கன்னா..."

"உயரத்தைத்தான்டா நானும் சொல்றேன்!"

பெரியப்பாவும் சிரித்தார். அப்புறம் தன் கல்யாணத்துக்கு ஒற்றைக் குதிரையில் மூன்று பேர் போன கதையை ஆரம்பித்தார். கணவாய் இறங்கும் வரை கதை நீண்டது. கதைக்கு நடுவே பேசுவது முறையில்லை.

சாகினுக்குப் பெரிய பதற்றம் இல்லை. அவன் ஒரு திட்டம் வைத்திருந்தான். முதலில் ஒட்டகத்தைக் காட்டுவது. பிறகு வாத்தைக் காட்டுவது. இரண்டையும் பார்த்த பின்பு கயிற்றை எடுத்து முடிச்சைக் காட்டுவது. பேச்சே வேண்டாம், கயிறு பேசும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்வது நேர்மையில்லை என்பது அவன் எண்ணம். அந்த நேர்மைதான் அவன் காலை வாரிவிட்டது.

ஒட்டகம் சந்தை வாசலை ஒட்டி நின்றது. வாத்து உள்ளே, கடைசி வரிசையில். உலான் விற்கிறவனோடு விலை பேசினான். டயரை உதைத்தான், எஞ்சினை உறுமவிட்டான். பெரியப்பா தடியை ஊன்றி, விற்கிறவன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே ஏறிப் பார்த்தார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

"சாகின்! இங்க வாடா. இதைப் பாரு."

பின்வரிசையில் அகலமான ஒரே இருக்கை. சிவப்புத் துணி போர்த்தியிருந்தது. கதவிலிருந்து தள்ளி, ஆக உள்ளே, ஆக உயரத்தில்.

"இது தோர்டா," என்றார் பெரியப்பா.

கூடாரத்தில் வாசலுக்கு எதிரே, உள்ளே தள்ளி இருக்கும் இடம் தோர். மரியாதைக்குரியவர் உட்காரும் இடம். வாசலோரம் உட்காருவது சின்னவர்களும் வேலையாட்களும்தான்.

"நம்ம பெகாயிம் பொண்ணை இங்க உக்கார வைப்போம். இத்தனை நாளா வாசல்லயே நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கு. எனக்கு அதைப் பாக்கவே பொறுக்கல. இனிமே அவதான் தோர்ல. நாங்க எல்லாம் கதவோரம். என்னடா சொல்ற?"

அவர் கண் ஈரமாகியிருந்தது. சாகின் கால்சட்டைப் பையில் கையை விட்டான். கயிறு விரலில் தட்டியது.

"பெரியப்பா, இன்னொரு வண்டி உள்ள நிக்குது. அதையும் ஒருதரம்..."

"பாக்கலாம், பாக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா இறங்கினார். இறங்கியதும் வண்டியைப் பார்த்து நின்றார். தடியை உலானிடம் கொடுத்தார்.

தடியை ஏன் கொடுக்கிறார் என்பது சாகினுக்கு உடனே புரிந்தது. வாயைத் திறந்தான். அதற்குள் பெரியப்பாவின் இரண்டு உள்ளங்கைகளும் வானத்தைப் பார்த்து விரிந்துவிட்டன.

"இந்த வண்டி நல்ல வழியிலயே போகட்டும். இதுல ஏறுற பிள்ளைங்க சந்தோஷமா ஏறட்டும், சந்தோஷமா இறங்கட்டும். எங்க பொண்ணு தோர்ல உக்காந்து படிச்சுப் பெரிய ஆளா வரட்டும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள். உலான், விற்கிறவன், தேநீர் விற்கிறவள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாருமே. யாரோ பெரியவர் ஆசி சொல்கிறார், கை விரித்தாக வேண்டும். சாகினின் கைகளும் பையிலிருந்து வெளியே வந்து விரிந்தன. அவன் விரிக்கவில்லை, அவை விரிந்தன.

"ஓமின்," என்று ஆசியை முடித்தார் பெரியப்பா. எல்லாரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அவனும் தடவிக்கொண்டான்.

முடிந்தது. ஆசி விழுந்த பொருளை வேண்டாம் என்று சொன்னவன் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. அப்படிச் சொல்பவன் வண்டி பள்ளத்தில்தான் போய் நிற்கும் என்பார்கள். அதையாவது துணிந்து தாங்கிக்கொள்ளலாம். குதிரையை விற்றுவிட்டு வந்து கண் கலங்க நிற்கிற மனுஷரிடம் உங்கள் ஆசி தப்பான வண்டிமேல் விழுந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

"ஏண்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? சந்தோஷப்படுடா!" உலான் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

வாத்தின் பக்கம் சாகின் போகவே இல்லை. திரும்பி வரும்போது சாகின்தான் ஒட்டகத்தை ஓட்டினான். நன்றாகத்தான் ஓடியது. ஏற்றத்தில் முக்கவில்லை, பள்ளத்தில் அடிக்கவில்லை. ஒரு குறையாவது கண்டுபிடித்தால் மனசு ஆறும் என்று கணவாய் முழுக்கத் தேடினான். அதுவும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஊர் வந்தபோது முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கனிஷை விருந்துக்குப் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்து அடுக்கியிருந்தாள். வழி நல்லதாக அமையட்டும் என்று யாரோ சக்கரத்தில் மாவு தூவினார்கள். பக்கக் கண்ணாடியில் வெள்ளைத் துண்டு கட்டினார்கள். வாசலில், வழக்கமான இடத்தில், நாற்காலியில் பெகாயிம்.

அவள் வண்டியைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"பெரிய தாத்தா ஆசி சொல்லிட்டாரும்மா," என்றான் சாகின்.

பெகாயிம் தலையை ஆட்டினாள். பன்னிரண்டு வயது முடியாத பெண்தான். ஆனாலும் அந்த ஊர்ப் பெண். அந்த ஒரு வார்த்தையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வா ராசாத்தி," பெரியப்பா கதவைத் திறந்தார். "உன் இடம் உள்ள இருக்கு. யாருக்கும் குடுக்காத இடம்."

அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எல்லாரும் திரும்பி நில்லுங்க."

"எதுக்குடி?" என்றாள் ஒரு அத்தை.

"திரும்புங்க. அந்தப் பக்கம் பாருங்க. அப்பா, நீயும்தான்."

சிரித்துக்கொண்டேதான் திரும்பினார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். பெரியப்பாவும் திரும்பினார். முற்றம் முழுக்க மலையைப் பார்த்து நின்றது. சாகினுக்கு எதிரே நிலக்கரிக் கொட்டகை. அதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னால் சக்கரத்தைப் பூட்டும் சத்தம் கேட்டது. தகரத்தில் நகம் கீறியது. முழங்கால் இடித்தது. மூச்சு வாங்கியது. ஏதோ வழுக்கியது. மறுபடி நகம். நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஒரு அத்தை திரும்பப் போனாள். கனிஷை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு சத்தமே இல்லை. கொட்டகைச் சுவரில் ஒரு பூனை நடந்து போயிற்று. சாகின் பையிலிருந்த கயிற்றைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான். முடிச்சு உள்ளங்கையில் அழுந்தியது.

"அப்பா."

மெல்லிய குரல்.

அவன் திரும்பினான். அவள் படிக்கட்டில் மார்பு வரை ஏறியிருந்தாள். இரண்டு கையாலும் இருக்கையின் காலைப் பிடித்திருந்தாள். கீழ்ப்பாதி தரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. முடி முகத்தை மூடியிருந்தது.

"தூக்கு," என்றாள்.

அவன் முதலில் பாவாடையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டான். பிறகு தூக்கினான். அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கையில் ஏந்தியபடியே ஏறி, குனிந்து, நடு இருக்கைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனான்.

"உக்காந்துட்டாளா?" வெளியே பெரியப்பா திரும்பிவிட்டார். கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பாருங்கடா, எவ்வளவு உயரத்துல இருக்கா! அங்கிருந்து மலையெல்லாம் தெரியும் கண்ணு!"

"தெரியுது பெரிய தாத்தா," என்றாள் பெகாயிம். முகம் இன்னும் அப்பாவின் தோளில்தான் இருந்தது.

பெரியப்பா தடியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு உள்ளங்கைகளை விரித்தார். முற்றம் முழுக்கக் கைகள் விரிந்தன. பெண்ணை இன்னும் இருக்கையில் இறக்காமல், சிவப்புத் துணிக்கு மேலே குனிந்தபடி நின்றான் சாகின். அவன் கைகள் இரண்டும் அவளுக்குக் கீழே இருந்தன. எல்லாரும் ஓமின் சொல்லி உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அவனால் மட்டும் முடியவில்லை.