கை நின்ற பின்னும் ஒலித்த தாயிரா

ஒரு மனிதர் சாவதைப் பார்த்துக்கொண்டே நான் கேசட்டை ஓடவிட்டேன்.

ஆம்... நிறுத்தவில்லை. ஆரணியில் ஒருவரிடமும் இதை நான் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம். கேட்டுவிடுங்கள், போதும்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் வீட்டில் எல்லோரும் பட்டுத்தறியில் உட்கார, நான் மட்டும் மைக் செட் வைத்துப் பிழைத்தேன். கூடவே பாட்டும் பதிந்து கொடுப்பேன். தர்கா சந்தனக்கூடு விழாவுக்கு ஆண்டுதோறும் என் குழாய் ஸ்பீக்கர்தான். பாடுவது யூசுப் பாவாதான். சேத்துப்பட்டுப் பக்கத்துப் பக்கீர் அவர். பச்சைத் துண்டைத் தலையில் போர்த்தி, மைக்கில் முகத்தைப் புதைத்து, தாயிரா என்னும் வட்டப்பறையைத் தானே தட்டிக்கொண்டு பாடுவார். குருவைத் தேடி அலையும் பாட்டு ஒன்று அவரிடம் உண்டு. அதைக் கேட்கவே தெள்ளாரிலிருந்தும் வெம்பாக்கத்திலிருந்தும் சனம் வரும். என் அம்மாவும் வந்து உட்கார்ந்து அழுவாள்.

அந்த ஆண்டு விழாவன்று சாயங்காலம், மேடையேறும் முன் அவர் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“நெஞ்சு இன்னாமோ பண்ணுது தம்பி. குரலே வரல. இன்னிக்கு வேணாம்னு சொல்லிடு.”

சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லவில்லை? கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. பாட்டு இல்லையென்றால் என்னைத்தான் ஏசுவார்கள். அடுத்த ஆண்டு வேறொருவனைக் கூப்பிடுவார்கள். முந்தைய ஆண்டு என் கடையில் வைத்து அவர் பாட்டைத் தாயிராத் தாளத்தோடு பதிந்திருந்தேன். யார் கைக்கும் போகாத கேசட், என் பெட்டியிலேயே கிடந்தது.

“பேஜார் பண்ணாதீங்க பாவா. நீங்க சும்மா தட்டிகினு உக்காருங்க. பாட்டை நான் பாத்துக்கறேன்.”

“தர்கா வாசல்லயே பொய்யா தம்பி?” என்றார் மெல்ல. பிறகு என் பேச்சைக் கேட்டு ஏறிவிட்டார்.

மைக்கை அணைத்தேன். கேசட்டைப் போட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பாதிப் பாட்டில் நிமிர்ந்து பார்க்கிறேன்... பாவாவின் கை தாயிராவின் மேல் அப்படியே கிடக்கிறது. குழாயில் தாளம் கேட்கிறது! அவர் தலை மார்பில் தொங்குகிறது. குழாயில் அவர் குரல் உச்சத்துக்கு ஏறுகிறது.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் கேசட்டை நிறுத்தினால் குட்டு உடையும். நிறுத்தாமல் ஓடினால், பாடுகிறவரை ஏன்டா தூக்குகிறாய் என்பார்கள். களைத்துச் சாய்ந்திருப்பார், பாட்டு முடியட்டும்... இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பினேனா? இல்லை. அப்போதே நம்பவில்லை.

முன்வரிசையில் அவர் மகன் இப்ராகிம் கண்ணை மூடிக்கொண்டு, தகப்பனின் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. அதன் பிறகுதான் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்” என்றார். இப்ராகிம் அழுதுகொண்டே, “பாடிகினுதானே இருந்தாரு சார், எங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பாவா பாடிக்கொண்டே மௌத்தானார், யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு சாவு என்று ஊரே பேசியது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் இப்ராகிம் கடைக்கு வந்தான். “அன்னிக்குப் பாடினதப் பதிவு பண்ணீங்களாண்ணா?” பண்ணினேன் என்றேன். கூசாமல் அதே கேசட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்! அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பிறகு கேசட் காலம் போய் சிடி வந்தது. நாடா தேய்ந்துவிட்டது, சிடியில் ஏற்றித் தாருங்கள் என்று மறுபடி வந்தான். அதற்குள் விசைத்தறி வேலைக்குப் போயிருந்தான், அவனுக்கும் நரைக்கத் தொடங்கியிருந்தது. இருவரும் உட்கார்ந்து கேட்டோம். அந்த இடம் வந்தது... கை நின்றுபோன அந்த இடம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மௌத்து ஆவற நேரத்துல கூட அத்தாவுக்குத் தாளம் தப்பல பாருங்கண்ணா.”

ஆமாம் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டேன்.