காலடியில் இருந்த நீலக்கல்

அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிப்பைப் பற்றி அவர் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உதவித்தொகையில் ஜெர்மனிக்கு வந்து எபிரேய வேதம் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வு ஒரே ஒரு கல்லைப் பற்றியது. வேதத்தில் கடவுளின் காலடியில் தளமாகவும், தீர்க்கதரிசியின் தரிசனத்தில் அவருடைய சிங்காசனமாகவும் வருகிற நீலக்கல். நம் ஊரில் நீலம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற பளபளப்பான கல். ராசிக்கு ஒத்துவருமா என்று பயந்து பயந்து போட்டுக்கொள்வார்கள். வேதமோ அந்தக் கல்லில் பொன்துகள் உண்டு என்கிறது. மோதிர நீலத்தில் ஏது பொன்துகள்? இது வேறு கல். ஒளி ஊடுருவாத கருநீலத்தில் பொன்பொடி தூவினாற்போல் இருக்கும். பட்டை தீட்டுகிற ஊரான இடார்-ஓபர்ஸ்டைனுக்கு ரயிலேறிப் போய்ப் புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு வாங்கி வந்தேன்.

இதுவரைக்கும் பழைய அறிஞர்கள் சொன்னதுதான். என்னைப் பிடித்து ஆட்டியது அடுத்த விஷயம். அந்தத் தளத்தைப் பற்றிய எபிரேய வரியில் நீலக்கல்லோடு செங்கல்லும் சேர்ந்து வருகிறது. கடவுளின் காலடியில் செங்கல் எதற்கு? யூதர்களின் பழைய விளக்கங்களைத் தோண்டி, அதற்கான பதிலை மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஐயர் வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்போம். ஜெர்மானியச் சபைகளைச் சுற்றிப் பேச அழைக்கப்பட்டு வந்தவர், எங்கள் மாணவர் விடுதியில் சில நாள் தங்கினார். ஊர்க்காரர் ஆயிற்றே என்று ரசம் வைத்துச் சோறு போட்டேன். "என்னம்மா எழுதுத? கொஞ்சம் வாசியேன், கேப்போம்" என்றார். அதுவரை எழுதியதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். கல்லைக் கூட்டத்தில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டார். நானும் பூரித்துப்போய்க் கொடுத்தேன், மடச்சி.

அவருக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்க்க என்னையே கூட்டிப்போனார்கள். முதல் கூட்டத்தில் மேடையேறி, கல்லை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, "பல வருசமா நான் இந்தக் கல்லை ஆராய்ச்சி பண்ணுதேன்" என்று ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மொழிபெயர்ப்பாளர், பேசுகிறவரின் வாயாக நின்று 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் "இந்தக் கல்லை நான் ஆராய்கிறேன்" என்று என் வாயாலேயே சொன்னேன். சொன்னது சத்தியமான உண்மை. கைதட்டு அவருக்குப் போனது.

கேட்டதற்கு, "நம்ம வேதம்தான, இதுல ஒன்னுது என்னுதுன்னு என்னம்மா இருக்கு?" என்று சிரித்தார். அடப்பாவி மனுஷா! என் உதவித்தொகை அவருடைய சபையின் சிபாரிசில் ஓடிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கூட்டத்துக்குக் கூட்டம் அதே கதை. அவர் பிசகிய இடங்களை நான் திருத்தியே மொழிபெயர்ப்பேன். கேள்வி நேரம் வந்தால் அவர் என் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுப்பார். நான் சரியான பதிலை ஜெர்மனில் சொல்லுவேன். அவர் தாடியைத் தடவியபடி தலையாட்டுவார். ஆஹா, எவ்வளவு ஞானம் என்று சனங்கள் வியப்பார்கள். நம் ஊர்க்காரர் மேடையில் திணறினால் அது நமக்கும் அவமானம் என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

கடைசிக் கூட்டம் கெல்சென்கிர்ச்சனில். போகிற வழியில் ரயிலில் குஷியாகச் சொன்னார்: இந்தப் பேச்சை அவர் பெயரில் சிறு புத்தகமாக அச்சடிக்க அந்தச் சபையின் போதகர் ஒப்புக்கொண்டுவிட்டாராம், நான் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். அந்தப் புத்தகம் வந்த பிறகு என் ஆய்வைக் கொண்டுபோய் வைத்தால், திருடி என்று பெயர் எடுக்கப்போவது நான்தான். இரு ஐயா இரு, உமக்கு இன்றைக்கு இருக்கிறது என்று கருவிக்கொண்டே போனேன்.

நிலக்கரிப் புகை படிந்த ஊர். சபை மண்டபம் நிறையப் பெண்கள், காப்பியும் கேக்குமாக. ஐயர் வழக்கமான பேச்சைப் பேசி, காலடியில் செங்கல் என்கிற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். முடிந்ததும் ஓர் அம்மா எழுந்தார். விரல் கணுக்கள் முடிச்சு முடிச்சாக இருந்தன.

"உலகச் சண்டை முடிஞ்சு, இடிஞ்ச வீட்டுச் செங்கல்லை எல்லாம் சுத்தியலால தட்டித் தட்டிச் சுத்தம் பண்ணினவ நான். கடவுளோட காலடியில செங்கல் எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று ஜெர்மனில் கேட்டார்.

அந்தப் பதில் மட்டும் ஐயரிடம் இல்லை. அதை நான் இன்னும் எழுதவும் இல்லை, வாசித்துக் காட்டவும் இல்லை. கேள்வியை ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் வழக்கம்போல் என் பக்கம் குனிந்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா. எப்பவும் போல நீயே எதையாவது சொல்லிச் சமாளிச்சிரு."

நிமிர்ந்து நின்று, கணீரென்று, அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். 'எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்போதும் போல நீயே எதையாவது சொல்லிச் சமாளித்துவிடு.'

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அச்சடிப்பதாகச் சொன்ன போதகர் எழுந்து, "எப்போதும் போல என்றால்?" என்று கேட்டார்.

"எல்லா ஊரிலும் பதில் சொன்னது நான்தான். ஆய்வும் என்னுடையது. இப்போது 'நான்' என்று சொல்வது நான்தான்" என்றேன். அம்மாடி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

பிறகு அந்த அம்மாவிடம் பதில் சொன்னேன். எகிப்தில் அடிமைகளாயிருந்த யூதர்கள் அறுத்துக் காயவைத்த செங்கல் அது. அதை வைத்து ஊர் கட்டிப் பெயர் வாங்கியவர்கள் வேறு. அந்த அடிமைகள் விடுதலையாகி மலையேறி நிமிர்ந்து பார்த்தால், அவர்கள் செய்த செங்கல் நீலக்கல்லாகிக் கடவுளின் காலடியில் கிடக்கிறது. மிதிப்பதற்காக அல்ல, அவர் குனிந்தால் முதலில் கண்ணில் படட்டும், யார் உழைப்பை யார் பிடுங்கிக்கொண்டார் என்று மறக்காமல் இருக்கட்டும் என்று. இதைச் சொல்லும்போது நான் ஐயரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புத்தகப் பேச்சு அன்றோடு நின்றது. திரும்பும் ரயிலில் ஐயர் பொங்கிவிட்டார்.

"வெள்ளக்காரன் முன்னால என்ன அசிங்கப்படுத்திட்டியே, நீ வெளங்குவியா? என்ன பேசின அங்க?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன், ஐயா. கல்லக் குடுங்க."

கோட்டுப் பையிலிருந்து எடுத்து இருக்கையில் எறிந்தார். எடுத்து முந்தானையில் துடைத்தேன். அந்தப் பயணம் முழுவதிலும் அவர் பேச்சை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை திருத்தாமல் நான் மொழிபெயர்த்தது அன்று ஒரு முறைதான்.