பஸ்ஸில் ஏறிய உறைமோர்

ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கழிவுநீரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குச்சிக்கிழங்கு கழுவி அரைத்த தண்ணீர் ஒரு மூடிய தொட்டிக்குள் போகும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிட்டு வாயு விடும். அந்த வாயுவில்தான் ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பு எரியும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டார்கள்.

சென்ற சீசனில் முதலாளி இரண்டு நாள் தண்ணீரை ஒரே நாளில் தொட்டிக்குள் விடச் சொல்லிவிட்டார். தொட்டி புளித்து வாயு நின்றுபோனது.

"பூச்சியெல்லாம் செத்துப்போச்சா அம்மிணி?"

"முக்காவாசி போச்சுங்க. நல்லா ஓடுற தொட்டியில இருந்து சேறு கொண்டாந்து உடோணுங்க."

"உறைமோராட்டமா?"

"அதேதானுங்க."

சேந்தமங்கலத்தில் அவருடைய மச்சானுக்கும் ஓர் ஆலை இருந்தது. டேங்கரில் மொத்தமாகக் கொண்டுவரும் முன், நம் தண்ணீருக்கு ஒத்துவருகிறதா என்று வாளியில் விட்டுப் பார்க்க ஒரு கேன் சேறு போதும் என்றேன். போய் வாங்கிக்கொண்டு, ஊர் திரும்ப பஸ் ஏறினேன்.

பாதி வழியில் குனிந்து பார்த்தால் காலடியில் வைத்திருந்த கேன் பந்துபோல உப்பியிருந்தது. வெயிலுக்கு உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. வெடித்தால் பஸ் முழுக்கக் குளிக்க வேண்டியதுதான். செருப்பைச் சரிசெய்வதுபோல மூடியைக் கொஞ்சமாகத் திருகினேன்.

புஸ்ஸ்ஸ்ஸ்.

நீளமான சத்தம். நாற்றம் அதைவிட நீளம். எல்லோரும் எனக்கு முன் சீட்டில் இருந்த வெள்ளைச்சட்டைப் பெரியவரைப் பார்த்தார்கள். என் பக்கத்திலிருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"ஏனுங்க, பெரிய மனுசன் பண்ற காரியங்களா இது?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் திரும்பிக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க. காலைல கொள்ளுக் கடைசலுங்க. ஊட்டுல போதும்னாங்க, நாந்தான் கேக்கல."

கண்டக்டர் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கேன் தானாகவே இன்னொரு முறை புஸ்ஸென்றது.

"அட, எனக்கே தெரியாமப் போகுதே!" என்று பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "ஐயா, அது நீங்க இல்லீங்க. என்ற கேனுங்க."

அவர் கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"என் மானத்தைக் காப்பாத்தப் பொய் சொல்ற பாரு. நல்லா இருப்ப சாமி."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மீதி தூரத்தை நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

வாளியில் குமிழி வந்தது. டேங்கரும் வந்தது. சில வாரங்களில் அடுப்பு நீலமாக எரிய ஆரம்பித்தது. இப்போது முதலாளி தினமும் காலையில் தொட்டியருகே வந்து நின்று, "சாப்டாங்களா?" என்று விசாரிக்கிறார். நான் சாப்பிட்டேனா என்று இதுவரை கேட்டதில்லை.