நான்காவது வெள்ளைச் சட்டை

2000ஆம் ஆண்டு மே 20, சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, ஆறரைக்கு நின்றது. பதினொரு குடம். அப்பா எட்டரைக்குக் கூட்டுறவு வங்கிக்குக் கிளம்பினார், சனிக்கிழமை அரைநாள். மறுநாள் கொட்டாம்பட்டியில் ஒரு கல்யாணம். அதற்கு அப்பா போட வேண்டிய வெள்ளைச் சட்டையை அம்மா தேய்த்துப் பீரோவில் மாட்டினாள். ஆறாம் வகுப்பு முடித்த விடுமுறையில் நான் எழுதிய நாட்குறிப்பில் இதெல்லாம் வரிசையாக இருக்கிறது. அதற்குக் கீழே கையெழுத்து மாறிவிடுகிறது, எழுத்துகள் கோட்டை விட்டுக் குதிக்கின்றன. ஒன்பதரைக்கு மாமாவின் வேன் வாசலில் வந்து நின்றதுதான் காரணம். எங்கள் வீட்டில் விளம்பரப் படம் எடுக்கப் போகிறார்கள்!

மாமா அம்மாவின் தம்பி. திருமங்கலத்தில் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்றில் சலவைத்தூள் தயாரித்தார். தூளில் குறையில்லை, அப்படி ஒரு தூள் இருப்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. மூட்டைகள் கூரையைத் தொட்டுவிட்டன. உள்ளூர் கேபிளில் ஒரு விளம்பரம் போட்டுப் பார்ப்பது, அதற்கும் விற்காவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். எங்கள் மொட்டைமாடியில் வெயில் நன்றாக விழும் என்பதால் படப்பிடிப்பு அங்கே.

அம்மாவுக்கோ விளம்பரம் என்றாலே எரிச்சல். விளம்பரத்தில் வரும் பொருள்களோடு அவளுக்குச் சண்டை இல்லை, அவற்றில் வரும் அசடுகளோடுதான். பிள்ளையின் சட்டையில் சேறு பட்டதும் கன்னத்தில் கை வைத்து நிற்கும் பெண்ணைக் கண்டால் கரண்டியோடு டிவி முன்னால் வந்துவிடுவாள். "அடி கூமுட்ட, பக்கத்துலதான குழாய் இருக்கு! தெறந்தா என்ன?" என்பாள். அடிப்பிடித்த சட்டியைச் சுற்றி நின்று நான்கு பேர் திகைத்தால், "நாலு பேருக்கும் சேத்து ஒரு மூள கூடவா இல்ல?" என்று கேட்பாள். நான் இதற்காகவே ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். எண், பொருள், அசடு யார், அம்மா சொன்னது என நான்கு கட்டங்கள். அந்தச் சனிக்கிழமை வரை நாற்பத்திரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள்.

பத்து நாற்பதுக்கு எதிர்வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தது. நடிக்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். வீடியோ எடுக்க வந்த அண்ணன் கல்யாண வீடியோக்காரர். மூன்று மணிக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு வரவேற்பு. அதை விட்டால் வைகாசி முடியும் வரை அவருக்கு நாள் கிடையாது. மாமா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக அம்மாவைப் பார்த்தார்.

"யக்கா, நீதான் காப்பாத்தணும்."

"நானா? அந்தக் கூமுட்டைங்க மாதிரி நிக்கவா? போடா."

"பத்தே செகண்டுக்கா. அம்புட்டுதான்."

முடியவே முடியாது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போன அம்மா, நான்கே நிமிடத்தில் மயில்கழுத்து நிறப் புடவையில் வெளியே வந்தாள்.

கதை இதுதான். அம்மா வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருப்பாள். குழந்தை வந்து சாம்பாரைக் கொட்டிவிடும். அவள் கறையைப் பார்த்துச் செய்வதறியாமல் பத்து நொடி முழிப்பாள். பக்கத்து வீட்டுக்காரியாக எங்கள் எதிர்வீட்டு டீச்சர் தூள் பாக்கெட்டோடு வருவார். கொட்டும் கை என்னுடையது. கை மட்டும்தான் படத்தில் வரும் என்றார்கள். நான் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

முதல் முறை நான் சரியாகக் கொட்டினேன். சாம்பார் பட்ட அடுத்த நொடி சட்டை வாளித் தண்ணீருக்குள் இருந்தது.

"கட், கட்! நீங்க முழிக்கணும்க்கா" என்றார் வீடியோ அண்ணன்.

"எதுக்குத் தம்பி முழிக்கணும்? வாளி இங்கனதான இருக்கு."

"இருக்கிறது தெரியாதுன்னு வச்சுக்கங்க."

"எங்க வீட்டு வாளி எனக்குத் தெரியாதா?"

வாளியைக் கீழே கொண்டுபோனார்கள். இரண்டாவது முறை அம்மா சட்டையோடு மாடிக் குழாய்க்கு ஓடினாள். மூன்றாவது முறை ஓடவில்லை. கேமராவை நேராகப் பார்த்து, "மஞ்சக் கறையில எடுத்ததும் சோப்பு படக்கூடாது, செவந்து போகும். மொதல்ல பச்சத்தண்ணியில அலசிரணும்" என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தாள்.

"யக்கா, நான் சோப்பு விக்கிறேன்க்கா!" என்று மாமா தலையில் கை வைத்தார்.

"என்னடா செய்ய? கை தானாப் போகுது."

டீச்சர் பாக்கெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் மாமா கொண்டுவந்த மூன்று சட்டைகளும் அலசிய ஈரத்தோடு, கறையில்லாமல் கொடியில் தொங்கின. மணி இரண்டு. மாமா கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அம்மா அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானே இறங்கிப் போய் அப்பாவின் கல்யாணச் சட்டையை எடுத்து வந்தாள்.

"அப்பா சட்டைம்மா!" என்றேன்.

"அவரு வாரதுக்குள்ள அலசிப் போட்டுருவேன். வெயிலு கெடக்கு. நீ ஊத்து."

ஊற்றினேன். அதே நொடியில் படியேறி வந்தார் அப்பா.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அம்மாவைக் கடிந்து பேசியதே கிடையாது. ஸ்கூட்டர் பழகட்டுமா என்று அம்மா கேட்டபோதும், அஞ்சலகப் படிவத்தை நானே நிரப்புகிறேன் என்றபோதும், "ஒனக்கு அதெல்லாம் வராது, விடு" என்று, தலைச்சுமையை இறக்கி வைப்பதுபோல் அன்பாகச் சொல்வார்.

கையில் சாப்பாட்டுப் பையோடு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கோபமே இல்லை.

"என்ன மாப்ள, வேற ஆளா கெடைக்கல? இவளுக்கு அதெல்லாம் வராது."

அம்மாவின் கை நின்றது. விரல்களுக்கிடையே சட்டையில் மஞ்சள் பரவிக்கொண்டே போனது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் கறையில் இல்லை, அப்பாவிடம் இருந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று.

"அப்படியே, அப்படியே... ஓக்கே!" என்று வீடியோ அண்ணன் கத்தினார்.

எல்லோரும் கை தட்டினோம். மாமா மாடியைச் சுற்றி ஓடினார். அப்பாவும் தட்டினார். "பரவாயில்லையே, நல்லாத்தான் முழிக்கிற" என்றார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. எங்கள் அம்மா ஒரு நடிகை!

அந்த விளம்பரம் பிறகு மூன்று மாதம் ஓடியது. மூட்டைகள் குறைந்தன, ஷெட் பிழைத்தது. பூ மார்க்கெட்டில்கூட யாரோ, "இந்தா, முழிக்கிற அக்கா!" என்று காட்டினார்கள். ஆனால் நான் அதுவரை பொறுக்கவில்லை. அன்று மாலையே நோட்டில் 43 என்று எண் போட்டு அம்மாவை எழுதினேன். கடைசிக் கட்டத்தை நிரப்ப அவளிடம் போய், "நீ நடிச்சதப் பத்தி என்னம்மா சொல்ற?" என்று கேட்டேன்.

"போடி, அடுப்புல வேல இருக்கு."

கட்டம் காலியாகவே இருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு முதல் வேலையாக அப்பா சட்டையைத் தேடினார். அது குளியலறைக் கொக்கியில், சாம்பார் காய்ந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன, அலசலையா?"

"மறந்துட்டேங்க" என்றாள் அம்மா. தண்ணீர் வரும் நேரத்தைக்கூட மறக்காதவள்.

"சரி விடு, இது என்ன பெரிய வித்த" என்று அப்பாவே வாளியை இழுத்தார். நான் விளம்பரத்தில் டீச்சர் வந்ததுபோலவே மாமாவின் பாக்கெட்டோடு ஓடினேன். அப்பா கை நிறைய அள்ளிக் காய்ந்த கறையின்மேல் போட்டு, ஈரக் கையால் தேய்த்தார். மஞ்சள் சிவந்தது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு மார்புப் பக்கம் முழுக்கப் பரவியது. பனியனோடு நின்ற அப்பா, சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, வாயைத் திறந்துகொண்டு முழித்தார். நோட்டில் இருந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூட அவ்வளவு நன்றாக முழித்ததில்லை.

அம்மா இப்போது கத்தப் போகிறாள் என்று ஆவலோடு திரும்பினேன். அவள் குளியலறைக் கதவு நிலையில் சாய்ந்து, தலைக்கு மல்லிகைச் சரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எண்ண ஆரம்பித்தேன். இருபதைத் தாண்டியும் அவள் வாய் திறக்கவில்லை. டிவியில் ஐந்து நொடி பொறுக்காதவள், பச்சைத்தண்ணீர் என்ற ஒரு சொல்லை ஏன் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து 44 என்று எண் போட்டேன். கடைசிக் கட்டத்தில் எழுதுவதற்கு இந்த முறையும் எதுவும் கிடைக்கவில்லை.