நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி

என் கணவர் லிண்ட்சே பாஸ்கோ முப்பத்தொரு வருடம் காற்றாலைகளைப் பழுது பார்த்தார். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரோரூ என்ற ஊருக்கு வடக்கே ஆட்டுப் பண்ணைகளில் நிலத்தடித் தண்ணீரை இறைக்கும் பழைய இரும்புக் காற்றாலைகள். நாற்பதடி ஏணியில் இடுப்புக் கயிறு இல்லாமல் ஏறுவார். கேட்டால், "கயிறு கட்டினா கயித்தையே நெனச்சிட்டிருப்பேன்" என்பார்.

கை நடுங்கியது அவருடைய அண்ணன் ரெக்ஸுக்குத்தான். அடிலெய்டில் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் நோய் என்றார்கள். மருத்துவர் எங்களுக்குத் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். நோயில்லாத ஒருவரின் மூளை நடுவே இரண்டு காற்புள்ளிகள் ஒளிர்ந்தன. ரெக்ஸின் படத்தில் வால்கள் அணைந்து, வெறும் புள்ளிகள்.

"கை நடுங்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இந்த வால் மங்க ஆரம்பிச்சிடும்" என்றார் மருத்துவர்.

அங்கே ஓர் ஆய்வும் நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர்கள் வேண்டுமாம். லிண்ட்சே பெயர் கொடுத்தார். படம் எடுக்கும் நாளில் ரெக்ஸும் கூட வந்தார்.

"உன் மண்டைய எடுத்து என்னடா பண்ணப் போறாங்க? காலி டப்பான்னு எழுதி ஒட்டவா?"

"உன் டப்பா எவ்வளவு நெளிஞ்சிருக்குன்னு பாக்க ஒரு நல்ல டப்பா வேணும்ல?"

ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தின் நான்காம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்: எதிர்பாராமல் ஏதேனும் தென்பட்டால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா? லிண்ட்சே 'வேண்டாம்' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

"ஏன்?" என்றேன்.

"தெரிஞ்சா நீ ஏற விட மாட்ட, ஏவரில். அப்புறம் நான் என்ன பண்றது, ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்தவா?"

ஊசி போட்ட மருந்து மூளையில் போய்ச் சேர நான்கு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் அவர் தலை அசையாமல் படுத்திருக்க, இயந்திரம் தலையை மெல்லச் சுற்றிவந்தது. நான் வராந்தாவில் இருந்தேன். யாரோ தேநீரோடு உள்ளே போனபோது திறந்த கதவு வழியே திரை தெரிந்தது. ஒரு பக்கம் முழுக் காற்புள்ளி. மறு பக்கத்தில் பாதி வால்தான் இருந்தது. படம் எடுத்த பெண் நாற்காலியிலிருந்து எழுந்து, அதையே பார்த்தபடி நின்றாள். கதவு மூடிக்கொண்டது.

லிண்ட்சே வெளியே வந்ததும் செவிலி சொன்னாள்: "நாலாம் பக்கத்துப் பதில எப்ப வேணாலும் மாத்திக்கலாம். எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"சொன்னா சொன்னதுதாம்மா" என்று சிரித்தார் இவர். பக்கத்து அறையில் அதே ஆய்வுக்குப் படம் எடுத்து முடித்து வந்த மனிதருக்கு அவள் நன்றி மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிப்பதை நிறுத்தவே இல்லை. தூக்கத்தில் சுவரைக் குத்தினார். நடக்கும்போது இடது கை வீசாமல் தொங்கியது. ஒருநாள் பண்ணைக்காரர் குளூகே, ஊர்க் கடைவாசலில் எல்லார் முன்னாலும் கிண்டலடித்தார்: "தொட்டிக்குள்ள ஆடு செத்து ஊறிக் கெடக்கு, இவன் பக்கத்துல உக்காந்து சாண்ட்விச் திங்கறான். மூக்க வீட்ல வெச்சிட்டு வந்தியாப்பா?" எல்லோரும் சிரித்தார்கள். வாசனை தெரியாமல் போவதும் இந்த நோயின் தொடக்கத்தில் நடக்கும் என்று நான் அதற்குள் படித்திருந்தேன்.

நான் பார்த்தது ஒரு நொடிதான், நான் மருத்துவர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆய்வுக் குழுவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் கேட்டால்தான் சொல்வோம் என்றார்கள்.

மார்ச் மாதம் ஒரு காலையில், குளூகே பண்ணைக்குக் கிளம்பியவரை வண்டியருகே நிறுத்தினேன்.

"லிண்ட்சே, அன்னிக்கு அந்தக் கதவு திறந்தப்ப..."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"வேணாம்னு குறி போட்டேன்ல?" என்றார்.

நான் வழிவிட்டேன்.

பதினோரு மணிக்குக் குளூகே வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. காற்று இல்லை, ஏணி உறுதியாகத்தான் இருந்தது என்றார். "எடது கை அடுத்த கம்பியப் பிடிக்கப் போச்சு, ஏவரில். போய்ச் சேரல."

மதியம் போலீஸ்காரர் சமையலறை மேசையில் உட்கார்ந்து மரண விவரம் எழுதினார். "அவருக்கு உடம்புக்கு ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல" என்றேன்.