சாவித் துவாரத்தைச் சுற்றி

ஆம்பூரில் அப்பாவின் பழைய அம்பாசிடருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான ஆள். நகக்கண்களில் எப்போதும் பள்ளம் அடைக்கும் சாம்பல் நிறப் பட்டி ஒட்டியிருக்கும். முன்பு தோல் பதனிடும் ஷாப்பில் தோலுக்குச் சாயம் ஸ்பிரே அடித்தவராம். அங்கே தோலில் தழும்பு தேடிய பழக்கமோ என்னவோ, உப்புத்தாளை எடுக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு கார் முழுவதையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

டிரைவர் கதவில் விரல் நின்றது.

"அப்பாவுக்குக் கை நடுங்குமா சார்?"

"இல்லையே. ஏன்?"

"சாவி போடுற எடத்தச் சுத்திக் கீறல் பாருங்க. பழசு கம்மி, புதுசுதான் ஜாஸ்தி. துவாரத்தத் தேடித் தேடிக் குத்தியிருக்காரு."

அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வேன். "எனக்கு இன்னாடா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்.

"தேய்ச்சிடட்டுமா சார்?"

நான் அந்தக் கீறல்களின் மேல் விரலை வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை அப்படியே விட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

இப்போது கார் பளபளக்கிறது, சாவித் துவாரத்தைச் சுற்றி உள்ளங்கை அளவு இடத்தைத் தவிர. அப்பாவை ஒருநாளும் பார்த்திராத அவருக்கு அந்தக் கை தெரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் பேசிய எனக்குத் தெரியவில்லை.